நோர்வேயில் என் இரண்டாவது கூடாரம்

மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் இறங்கி, "ஐஸ் முதலாளி வீடு எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். சின்னப் பிள்ளையும் பாலத்துக்கு அந்தப் பக்கம் கை நீட்டும். அந்த வீட்டில் இப்போது யாரும் இல்லை. ஆனாலும் கை நீட்டும்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பதின்மூன்று வயதில் மீன்துறையில் ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றித் தலையில் சுமந்தேன். நாற்பது வயதில் சொந்தத் தொழிற்சாலையில் அந்த ஐஸை நானே செய்தேன். கொழும்பிலிருந்து வந்த இன்ஜினியர் மூன்று நாள் கருவி வைத்துத் தேடியும் பிடிபடாத பழுதை, இயந்திரத்தின்மேல் காதை வைத்துச் சொன்னவன் நான். "ஐயா எங்கே படித்தீர்கள்?" என்று கேட்டார். "இந்தக் காதில்தான்" என்றேன். ஆகவே இதில் எழுத்துப் பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள். நடந்தது நடந்தபடிதான் இருக்கும்.

நோர்வேக்கு நான் ஊர் பார்க்கப் போகவில்லை. மகள் கோமதி கூப்பிட்டாள். அவள் ஒஸ்லோவில் பதின்மூன்று வருடமாக இருக்கிறாள். முதியோர் இல்லத்தில் வேலை. சுனாமி வந்த மார்கழியில் அவளால் வர முடியவில்லை. வந்திருந்தாலும் தாயின் முகத்தைப் பார்த்திருக்க மாட்டாள். என் மனைவி பூரணத்தை மற்ற ஆட்களோடு சேர்த்து அடுத்த நாளே அடக்கம் செய்துவிட்டோம். பிந்தினால் உடம்பு தாங்காது என்றார்கள்.

மூன்றாம் நாள், பள்ளிக்கூட மைதானத்து அகதி முகாமில், யாரோ ஒருவருடைய கைப்பேசியில் மகளோடு கதைத்தேன். எனக்குப் பின்னால் வரிசை நின்றது. அவள் அழுதுகொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அம்மா கடைசியா என்னப்பா சொன்னா?"

"புள்ளைய பாத்துக்கங்க எண்டு சொன்னா மகள். கையப் புடிச்சிக்கிட்டுத்தான் நிண்டன். அல பறிச்சிட்டுப் போயிட்டு."

அது பொய். பூரணம் அப்படிச் சொல்லவில்லை. அலை என் கையிலிருந்து எதையும் பறிக்கவும் இல்லை. வரிசையில் நின்ற ஒருவன் "கெதியா முடிங்க முதலாளி" என்றான், நான் முடித்தேன். ஆனால் பொய் அங்கே முடியவில்லை. ஏழு மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் அவள் அந்த வசனத்தைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். நானும் சொன்னேன்.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் என் இடுப்பில் கருவி கத்தியது. அரைஞாணில் ஒரு சாவி, எங்கள் பேச்சில் திறப்பு, கட்டியிருந்தேன். "இது என்ன?" என்று அதிகாரி கேட்டார். வீட்டுத் திறப்பு என்றேன். "வீட்டில் யாரும் இல்லையா?" இல்லை என்றேன். பாலத்துக்கு அந்தப் பக்கம், நாவலடியில், என் வீட்டு விறாந்தைக்கு இழுத்துப் பூட்டும் இரும்புக் கிரில் இருந்தது. ஒரு தடவை கள்ளன் வந்த பிறகு, நான் வெளியே கால் வைத்தால் கிரில்லை இழுத்து ஆமைப்பூட்டைப் போட்டுவிட்டுத்தான் போவேன். ஆள் உள்ளே இருந்தாலும் சரி. "இதென்ன மாட்டுப்பட்டியா?" என்று பூரணம் ஏசுவாள். அது என் வழக்கம். பிறகு பூட்டு இல்லாமல் போனது. திறப்பை மட்டும் எறிய மனம் வரவில்லை.

ஸ்டோவ்னரில் மகளுடைய வீடு ஐந்தாம் மாடியில். மருமகன் ரமணன் யாழ்ப்பாணத்துப் பெடியன், நகரத்தில் பஸ் ஓட்டுகிறான். நல்ல பிள்ளை. கதவிலேயே பெட்டியை வாங்கிக்கொண்டான்.

"வாங்கோ மாமா, வாங்கோ. குளிருதே? ஆடி மாசம்தானே, இதுதான் இஞ்சத்தை வெயில்."

"குளிரா? நான் முப்பது வருசம் ஐஸுக்குள்ள நிண்டவன் தம்பி" என்றேன். உண்மையில் பல்லு கிட்டியது.

உள்ளே சாமித் தட்டில் பூரணத்தின் படம். சரிகைச் சட்டம், பிளாஸ்டிக் மாலை, சின்ன மின்விளக்கு. படத்துக்குக் கீழே பொன் எழுத்தில் அச்சடித்த வசனம்: புள்ளைய பாத்துக்கங்க.

"நீங்க சொன்னத அப்படியே போட்டிருக்கன் அப்பா" என்றாள் கோமதி. "இஞ்ச வாற ஆக்கள் எல்லாரும் வாசிச்சிட்டு அழுதிட்டுத்தான் போவாங்க."

அன்றைக்குப் பிட்டும் மீன் குழம்பும் வைத்தாள். மீன் உறைய வைத்த மீன், இரண்டு மாதப் பழசு. கையில் எடுத்ததும் தெரிந்துவிட்டது. படம் இருந்த பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டேன்.

நாலாம் நாள் தனியாகச் சுரங்க ரயிலில் போய்வருகிறேன் என்று வெளிக்கிட்டேன். பாஷை தெரியாதே என்றார்கள். "மூண்டு லொறி, ரெண்டு போட்டு வெச்சி நடத்தினவன் நான், ஒரு ரயில்ல ஏறி இறங்கத் தெரியாதா?" நகரத்துக்குப் போக ஏறியவன் எதிர்ப்பக்கத்து ரயிலில் ஏறிவிட்டேன். வெஸ்ட்லி என்ற இடத்தில் எல்லோரும் இறங்கினார்கள். அதுதான் கடைசி நிலையம் என்று எனக்குத் தெரியாது. இன்னும் போகும் என்று உட்கார்ந்திருந்தேன். கதவுகள் மூடிக்கொண்டன. பெட்டியில் நான் மட்டும். கண்ணாடிக்கு வெளியே ஆட்கள் நடந்து போகிறார்கள், யாரும் திரும்பவில்லை.

நான் எழுந்து கதவில் அடித்தேன். எப்படி அடித்தேன் என்று எனக்கே தெரியாது, பிறகு கை வீங்கியிருந்தது. மேடையில் நின்ற ஒரு பெடியன் ஓடிப்போய் ஓட்டுநரைக் கூட்டி வந்தான். கதவு திறந்தது. அந்தப் பெடியனைப் பார்த்தால் தமிழ் முகம், சென்னைக்காரன், கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவனாம்.

"என்ன சார், பயந்துட்டீங்களா?"

"பயமா? எனக்கா?"

"இல்ல சார், அந்த அடி அடிச்சீங்களே, அதான் கேட்டேன். ரெண்டு நிமிஷத்துல தானா திரும்பிப் போயிருக்கும். ஸ்ரீலங்காவா சார்? நீங்க பேசறதக் கேட்டா ரேடியோ கேக்கற மாதிரியே இருக்கு."

"நீ கதைக்கிறது படம் பாக்கிற மாதிரி இருக்கு தம்பி" என்றேன். சிரித்தான். வீட்டில் போய், எல்லாம் சுகமாகப் போய்வந்தேன் என்று சொன்னேன்.

அடுத்த வாரம் மருமகன் ஒரு செய்தியோடு வந்தான். எனக்காக ஆறு மாதத்துக்கு முன்னமே லீவு கேட்டு வைத்திருந்தானாம். காட்டுக்குள் அரசாங்கத்துத் தளம், ஏரிக்கரை, மூன்று நாள். இந்த நாட்டு ஆட்கள் கோடைக்கு இதைத்தான் சொர்க்கம் என்று சொல்வார்கள் என்றான். மகளுக்கு அதில் இன்னொரு எண்ணமும் இருந்தது. சுவரில் தமிழ்க்கடைக் கலண்டரைக் காட்டினாள்.

"வெள்ளிக்கிழம ஆடி அமாவாச அப்பா. அங்க மாமாங்கக் கோயில்ல தீர்த்தம். நமக்குப் போகேலாது. ஏரியில அம்மாவுக்காக முழுகுவம். நீங்க முழுகாம அவக்கு எப்படிக் கரை சேரும்?"

ஆடி அமாவாசை தகப்பனுக்கு, தாய்க்குச் சித்திரைப் பௌர்ணமியில்தான் செய்வார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "மாமாங்கத்தில ஆரும் கணக்குப் பாத்தா முழுகிறாங்க?" என்றாள். அது சரிதான். எங்கள் ஊரில் அன்றைக்கு எல்லோரும் எல்லோருக்காகவும் அந்தக் குளத்தில் இறங்குவார்கள். அந்த மார்கழிக்குப் பிறகு நான் கிணற்று வாளியில் அள்ளிக் குளித்தேனே தவிர, ஒரு தண்ணீரிலும் கால் வைக்கவில்லை.

வியாழக்கிழமை காரில் ஏறினோம். மகள், மருமகன், எட்டு வயதுப் பேத்தி அபி, நான். பாதையில் ஒரு இடத்தில் மாட்டைவிட உயரமான கொம்பன் மான் ஒன்று குறுக்கே நின்றது. மருமகன் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கும்பிடாத குறையாகக் காத்திருந்தான். "ஹோன் அடி தம்பி" என்றேன். "வேண்டாம் மாமா, அது கோவிச்சால் காரும் மிஞ்சாது, நாங்களும் மிஞ்சமாட்டம்." இருபது நிமிடம் நின்றோம். எங்கள் ஊரில் யானைக்கு நிற்போம். மானுக்கு நின்றது இதுதான் முதல் தடவை.

தளத்தில் இறங்கினோம். மரங்களுக்கு நடுவே புல்வெளி, அதற்குக் கீழே ஏரி. ஒரு கைப்பம்பு. தள்ளி ஒரு மரப்பெட்டி மலகூடம், கதவில் இதயம்போல வெட்டிய ஒரு ஓட்டை. அவ்வளவுதான். மின்சாரம் இல்லை. மருமகன் பின்பெட்டியிலிருந்து சோறு காய்ச்சும் மின்சாரச் சட்டியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"உத எங்க செருகப் போறியள்?" என்று மகள் கேட்டாள், அவனுடைய யாழ்ப்பாணப் பேச்சை நெளித்துக் காட்டி. "மரத்திலயா?"

"பழக்கதோசத்தில எடுத்து வைச்சிட்டன்" என்றான். அபி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அதுதான் அந்தப் பயணத்தில் நான் சிரித்த கடைசிச் சிரிப்பு.

பிறகு அவன் நீளமான ஒரு பையை அவிழ்த்து, கம்பிகளைக் கோர்த்து, துணியை இழுத்து நிமிர்த்தினான். கூடாரம்.

நான் இரண்டு அடி பின்னுக்குப் போனேன். நான்கு மாதம் நான் கூடாரத்தில் கிடந்தவன். பள்ளிக்கூட மைதானத்தில், வெளிநாட்டு எழுத்து அடித்த வெள்ளைக் கூடாரம். பகலில் பாண் சுடும் போறணைச் சூடு, மழை வந்தால் வாய்க்கால். ஐஸ் முதலாளியான நான் பிளாஸ்டிக் வாளியோடு தண்ணீர் வரிசையில் நின்றேன். என்னிடம் ஐஸ் ஏற்ற வந்த பெடியன்கள் "நீங்க முன்னுக்கு வாங்க முதலாளி" என்று இடம் விட்டார்கள். அந்த இடம் விடுகிறதுதான் வரிசையைவிட மோசம். மலகூடமும் இதே மாதிரி மரப்பெட்டிதான். இதயம் மட்டும் வெட்டியிருக்கவில்லை.

"இதுக்குள்ள படுக்கவா என்ன விமானத்தில ஏத்திக் கூட்டி வந்த நீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

மருமகனுடைய கை அப்படியே நின்றது. முகம் செத்துப்போனது. "ஐயோ மாமா. நான் அதை யோசிக்கவே இல்லை. இஞ்சை இது சந்தோசத்துக்குச் செய்யிறது. சத்தியமா யோசிக்கேல்லை. வாங்கோ, திரும்பிப் போவம்."

"போகவேணாம்" என்றேன். "நான் எதிலயும் படுப்பன்." அப்படிச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

பக்கத்துக் கூடாரத்தில் ஒரு நோர்வேக் கிழவர், என் வயது இருக்கும். தனி ஆள். பின்னேரம் இரண்டு மீனைக் கம்பில் கோர்த்துக்கொண்டு வந்து எங்களுக்கு நீட்டினார். செவுளைத் தூக்கிப் பார்த்தேன். இரத்தச் சிவப்பு. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பெருவிரலைக் காட்டினேன், அவரும் காட்டினார். நானே வெட்டிக் கழுவி, மஞ்சளும் மிளகாயும் உப்பும் பிசறி நெருப்பில் வாட்டினேன். கல்லடுப்பில் சோறு வடித்தோம். கிழவர் கையால் சாப்பிட்டுப் பார்த்தார், கண்ணில் நீர் வந்தது, இன்னும் கேட்டார். பதிலுக்கு ஒரு மண்ணிறப் பாற்கட்டி தந்தார். சீனி போட்ட சவர்க்காரம் மாதிரி இருந்தது. மரியாதைக்கு விழுங்கினேன்.

நான் ஐஸ் வியாபாரி என்று மகள் சொன்னதும் கிழவர் ஏரியைக் காட்டிச் சிரித்தார். மகள் மொழிபெயர்த்தாள்: "மார்கழியில வாங்க, இந்த ஏரி முழுக்க உங்கட சரக்குத்தான். லொறியும் ஓடலாம் எண்டு சொல்றார்." இயந்திரம் இல்லை, அமோனியா இல்லை, ஏரி தானே ஐஸ் ஆகிறது. நான் ஒரு வாழ்க்கை முழுவதும் பாடுபட்டுச் செய்ததை இந்த ஊர் சும்மா இருந்து செய்கிறது. எனக்குக் கொஞ்சம் ரோசமாகத்தான் இருந்தது.

அவர் மனைவியோடு முப்பது வருடம் இதே இடத்துக்கு வந்தாராம். போன பனிக்காலத்தில் அவள் போய்விட்டாள். பிறகு என்னைக் காட்டி ஏதோ கேட்டார். கேள்வி எனக்கு விளங்கியது. மகள் சொல்லத் தொடங்கினாள். நோர்வே பாஷையில், நிதானமாக, பல தடவை சொல்லிப் பழகிய ஆள் மாதிரி. கையைப் பிடிக்கிறமாதிரிக் காட்டினாள், அலையைக் காட்டினாள். கடைசியில் தன் நெஞ்சில் கை வைத்தாள். அந்த வசனம் அதுதான்.

கிழவர் தொப்பியைக் கழற்றினார். என் தோளில் கையை வைத்து ஏதோ சொன்னார்.

"கடைசி நேரத்திலயும் பிள்ளைய நினைச்ச மனுசி, நீங்க குடுத்து வெச்ச ஆள் எண்டு சொல்றார் அப்பா."

என் வாயில் மீன் இருந்தது. முள்ளோடு விழுங்கினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் வானம் மூடியிருந்தது. ஏரி கறுப்பாகக் கிடந்தது. முழுகிவிட்டு மாற்றுகிற உடுப்பும் பூசைச் சாமான்களும் காரில் இருந்தன. காரை நிறுத்துகிற இடம் மேட்டுக்கு அப்பால், பத்து நிமிட நடை. மகளும் மருமகனும் போனார்கள். "அபிய பாத்துக்கங்க அப்பா" என்றாள் மகள். அபி குளிக்கிற உடுப்பு மாற்றக் கூடாரத்துக்குள் போய், உள்ளிருந்து வாசல் துணியின் ஸிப்பை இழுத்துப் பூட்டிக்கொண்டாள். நான் வெளியே ஒரு கல்லில் இருந்தேன்.

மழை சொல்லாமல் வந்தது. சாய்வான நிலம். மேட்டிலிருந்து தண்ணீர் புல்லுக்குள்ளால் ஓடிவந்து நேரே கூடாரத்துக்கு அடியில் போனது.

"அம்மப்பா, தண்ணி வருது" என்று அபி உள்ளே சிரித்தாள். பிறகு வாசலின் ஸிப்பை இழுக்கிற சத்தம், ஒரு பக்கம், மறு பக்கம். "அம்மப்பா, இது மாட்டிக்கிட்டு. துணி மாட்டிக்கிட்டு."

நான் எழுந்தேன்.

"அம்மப்பா, திறங்க."

நான் எழுந்த இடத்திலேயே நின்றேன். கூடாரம் எனக்குப் பத்து அடி. துணிக்கு உள்ளிருந்து அவளுடைய கை இரண்டும் தள்ளுவது தெரிந்தது. விரல்கள் தெரிந்தன.

"கதவத் திறங்க அம்மப்பா! கதவத் திறங்க!"

கால் எழவில்லை. கையும் எழவில்லை. மழை முகத்தில் அடிக்கிறது, கண்ணைக்கூட மூடவில்லை. அவள் அழத் தொடங்கிவிட்டாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பக்கத்துக் கிழவர் காலில் சப்பாத்து இல்லாமல் ஓடிவந்தார். குந்தியிருந்து, இரண்டு விரலால் துணியை விடுவித்து, ஸிப்பை மேலே இழுத்தார். இரண்டு விரல். அவ்வளவுதான். உள்ளே தண்ணீர் கணுக்கால் அளவுகூட இல்லை.

அபி வெளியே வந்து என்னைப் பார்த்தாள். அப்போது மகளும் மருமகனும் நனைந்துகொண்டு ஓடிவந்தார்கள்.

"அம்மா, நான் கத்தினன்! அம்மப்பா திறக்கல்ல. சும்மா பாத்துக்கிட்டு நிண்டார்."

கோமதி பிள்ளையைத் தூக்கி அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. பயம். "என்னப்பா? என்ன நடந்த? ஏன் திறக்கல்ல?"

'நெஞ்சு வலித்தது' என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள். பத்துப் பொய் என் நாக்கு நுனியில் நின்றது. பொய் சொல்லத் தெரியாதவனால் ஐஸ் வியாபாரம் செய்ய முடியாது. ஆனால் அந்தப் பிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பொய் வரவில்லை, உண்மைதான் வந்தது.

"அம்மாவுக்கும் நான் திறக்கல்ல மகள்."

மருமகன் விளங்கிக்கொண்டு அபியைக் கிழவருடைய கூடாரத்துக்குக் கூட்டிப் போனான். நாங்கள் இரண்டு பேரும் மழையில் நின்றோம். நான் சொன்னேன். முதல் தண்ணீர் கணுக்கால் அளவு வந்து போனது. ஆட்கள் பாலத்தைப் பார்த்து ஓடினார்கள். நாமும் ஓடுவோம் என்று பூரணம் சொன்னாள். இது கொங்கிறீட் வீடு, ஓலை வீட்டுக்காரன் ஓடட்டும், நீ இரு என்று சொன்னேன். தொழிற்சாலையில் மின்சாரத்தை அணைத்துவிட்டு வருகிறேன் என்று வெளிக்கிட்டேன். கிரில்லை இழுத்துப் பூட்டினேன்.

"பூட்டின நீங்களா?"

"ஓம்."

"அவ உள்ள நிக்கக்குள்ள?"

"பழக்கம் மகள்."

இருபது அடி போயிருப்பேன். சத்தம் கேட்டுத் திரும்பினேன். கடல் தென்னை உயரம் நின்றது. பூரணம் கிரில்லைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திறப்பு என் இடுப்பில். திரும்பி ஓடியிருந்தால் இரண்டு பேரும் போயிருப்போம் என்று ஆட்கள் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் நான் கணக்குப் பார்த்து நிற்கவில்லை. கால் எழவில்லை. அவ்வளவுதான். தண்ணீர் என்னைத் தூக்கி வாவிப் பக்கத்துக் கண்டல் மரத்தில் செருகியது. அந்திக்குத் திரும்பி வந்து பூட்டைத் திறந்தவன் நான்தான். வீட்டில் ஒரு வெடிப்புக்கூட இல்லை. நான் கட்டிய வீடு.

"பின் கதவு?" என்று கேட்டாள். தாதி மாதிரிக் கேட்டாள்.

"அதுதான் கடல் பக்கம். தண்ணி முதலே வந்து அமத்திப் போட்டுது."

"அப்ப, புள்ளைய பாத்துக்கங்க எண்டு..."

"அவ சொன்னது கதவத் திறங்க எண்டு."

கோமதி திரும்பி, உடுத்த உடுப்போடு, ஏரியைப் பார்த்து நடந்தாள். இடுப்பளவு போனதும் நின்றாள். மூன்று தடவை முழுகினாள். மழைக்குள் அவளுடைய தலை கறுப்பாகப் போவதும் வருவதும் தெரிந்தது. ஒரு தடவை உள்ளே அதிக நேரம் இருந்தாள். மருமகன் ஓடினான். நான் கரைவரை போனேன். தண்ணீர் சப்பாத்து நுனியைத் தொட்டது. அதற்கு மேல் போகவில்லை. அவள் வெளியே வந்து என்னைத் தாண்டி நடந்தாள். என்னை முழுகச் சொல்லி அவள் கூப்பிடவில்லை.

நோர்வேக் கிழவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் அழுகையை, செத்தவளை நினைத்த அழுகை என்று எடுத்துக்கொண்டார். ஒரு கோப்பை கோப்பி ஊற்றி என் கையில் தந்து, நேற்றுப் போலவே தோளில் தட்டினார். அவரிடம் சொல்ல எனக்குப் பாஷை இல்லை. உலகத்தில் என்னைப் பற்றி நல்ல எண்ணம் வைத்திருக்கிற ஒரு மனிதர் அந்த ஏரிக்கரையில் இருக்கிறார் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

அன்றைக்கே கூடாரத்தை மடித்தோம். திரும்பும் வழியில் மான்கூடக் குறுக்கே வரவில்லை.

அதன் பிறகு ஒன்பது நாள் ஸ்டோவ்னரில் இருந்தேன். மகள் நேரத்துக்குச் சாப்பாடு வைத்தாள். மருந்து எடுத்து வைத்தாள். முதியோர் இல்லத்தில் அவள் பார்க்கிற கிழவர்களுக்கும் இப்படித்தான் செய்வாள் என்று நினைக்கிறேன். "சாப்பாடு மேசையில" என்பாள். அப்பா என்று சொல்லவில்லை. இரண்டாம் நாள் சாமித் தட்டைப் பார்த்தேன். படம் இருந்தது. பொன் எழுத்து இல்லை. ஒட்டியிருந்த இடத்தில் பசையின் தடம் மட்டும்.

மருமகன் ஒரு நாள் மாடியில் பக்கத்தில் வந்து நின்றான். கீழே பஸ்கள் திரும்புவதைப் பார்த்துக்கொண்டு, "சொல்லாமல் விட்டிருக்கலாம் மாமா" என்றான். ஒரு பஸ் திரும்பி முடித்ததும், "சொன்னதும் சரிதான்" என்றான். எது சரி என்று அவனுக்கும் தெரியவில்லை. அபி மட்டும் பழையபடி என் பக்கத்தில் வந்திருந்து பென்சிலால் படம் கீறினாள். ஆனால் குளியலறைக்குப் போகும்போது கதவைப் பூட்டுவதில்லை. தாயைக் கூப்பிட்டு வெளியே நிற்க வைப்பாள்.

போகிற நாளில் மருமகனுக்கு வேலை. கோமதிதான் விமான நிலையத்துக்குக் கூட்டி வந்தாள். பெட்டியைத் தள்ளியது அவள், முன்னுக்கு நடந்ததும் அவள். உள்ளே போகிற இடத்தில் நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எத்தின தரம் கூப்பிட்டா?"

ரயிலில் கேட்டிருக்கலாம், ஒன்பது நாளில் எப்போதாவது கேட்டிருக்கலாம். அங்கே கேட்டாள்.

"மூண்டு தரம்" என்றேன்.

தலையை ஆட்டினாள். கையை நீட்டினாள். "அந்தத் திறப்பத் தாங்க அப்பா."

அத்தனை சனத்துக்கு நடுவில் சட்டையைத் தூக்கி, அரைஞாண் முடிச்சை அவிழ்த்தேன். முடிச்சு இறுகியிருந்தது. அவள் உதவி செய்யவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. திறப்பை அவள் கையில் வைத்தேன். உப்புத் தண்ணீரில் துருப்பிடித்த திறப்பு. உள்ளங்கையை மூடிக்கொண்டு அவள் திரும்பி நடந்தாள். ரயில் பக்கம் போகிற படிவரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு கருவிக்குள்ளால் போனேன். அப்போதும் கத்தியது. அதிகாரி என்னை ஓரமாக நிறுத்தி, கையை விரிக்கச் சொல்லி, தோள், விலா, இடுப்பு எல்லாம் தடவிப் பார்த்தார். இடுப்பில் இரண்டு தரம் பார்த்தார். ஒன்றும் இல்லை. போகலாம் என்று கை காட்டினார்.